ஒரே வரியில் இரண்டு விதமான எண்கள்: லிப்ரே ஆபிஸ் ரைட்டரோடு நெடுநாள் அனுபவம்

லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருள் தொகுப்பில், உரை தட்டிப் பக்கம் அமைக்க உதவும் ரைட்டரைத் திறந்து ஒரு தமிழ் வாக்கியம் எழுதுங்கள். நடுவில் ஓர் ஆங்கிலச் சொல்லை ஆங்கில எழுத்திலேயே போட்டு, அதை ஒட்டி 2010 என்று தட்டுங்கள். அப்புறம் ஒரு தமிழ்ச் சொல், மறுபடியும் 2010. இப்போது பக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு 2010-ம் ஒன்றுபோல இருக்காது. ஒன்று மெலிந்திருக்கும், இன்னொன்று அகன்றிருக்கும். எழுத்தளவு வேறாக வைத்திருந்தால் உயரமும் மாறும்.

ஓப்பன் ஆபிஸ் என்ற பெயரில் இருந்த நாளிலிருந்து எனக்குச் சோறு போடுவது இந்த மென்பொருள்தான். தட்டச்சு, மெய்ப்பு, பக்க அமைப்பு எல்லாம் இதிலேயே. எத்தனையோ பதிப்புகள் வந்துவிட்டன, எத்தனையோ குறைகள் சரியாகிவிட்டன. இது மட்டும் அப்படியே இருக்கிறது. அண்மையில் ஒரு பள்ளியின் நூற்றாண்டு மலரை முடித்துக் கொடுத்தேன். அதில் பட்ட பாடு இன்னும் ஆறவில்லை. எழுதிவிடுவது நல்லது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. ரைட்டர் உலகத்து எழுத்துகளை மூன்று அறைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆங்கிலம் முதலான மேற்கத்திய எழுத்துகளுக்கு ஓர் அறை. சீனம், ஜப்பானியம், கொரிய மொழிக்கு இன்னோர் அறை. தமிழ், இந்தி, அரபு, தாய் எல்லாம் மூன்றாவது அறையில். ஒவ்வோர் அறைக்கும் தனி எழுத்துரு, தனி அளவு, தனித் தடிப்பு. எண்களுக்கும் காற்புள்ளி, முற்றுப்புள்ளி, அடைப்புக்குறிக்கும் மட்டும் சொந்த அறை கிடையாது. தங்களுக்கு முன்னால் எந்த எழுத்து நிற்கிறதோ, அதன் அறைக்குள் போய்விடும். ஆங்கிலத்துக்குப் பின்னால் வந்தால் ஆங்கில எழுத்துரு, தமிழுக்குப் பின்னால் வந்தால் தமிழ் எழுத்துரு.

புதிதாக வருகிறவர்கள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். எழுத்துரு, அளவு எல்லாவற்றையும் ஒரே பெயரில் சேர்த்து வைக்கும் பாணியை (ஸ்டைல்) திறந்து எழுத்தளவை 14 என்று மாற்றுவார்கள். ஆங்கிலம் பெரிதாகும், தமிழ் அசையாது. மென்பொருள் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துப் போன் செய்வார்கள். தமிழுக்கான அளவு அதே சாளரத்தில் வேறு பகுதியில் இருக்கிறது. அமைப்புகளில் மொழிகள் பகுதிக்குப் போய்த் தமிழ் போன்ற எழுத்துகளுக்கான வசதியை இயக்கியிருந்தால்தான் அது கண்ணில் படும். சரி, இது ஒருமுறை தெரிந்துகொண்டால் தீர்ந்தது. எண் விஷயம் அப்படித் தீர்வதில்லை.

மலரின் கடைசியில் நன்கொடையாளர் பட்டியல். ஒரு வரிக்கு ஒரு பெயர், டேப் அடித்து வலது ஓரத்தில் தொகை. முன்னாள் மாணவர்களில் சிலர் தங்கள் பட்டத்தை ஆங்கில எழுத்தில் கொடுத்திருந்தார்கள், பலர் வெறும் பெயர். தமிழ் எழுத்துருக்கள் பலவும் அதே அளவு ஆங்கிலத்தைவிடப் பெரிதாகத் தெரியும் என்பதால், தமிழுக்கு 11, ஆங்கிலத்துக்கு 12 என்று வைப்பது என் வழக்கம். பட்டம் போட்டவர்களின் தொகை எல்லாம் 12-ல் ஆங்கில எழுத்துருவில் வந்து உட்கார்ந்தது. மற்றவர்களுடையது 11-ல் தமிழ் எழுத்துருவில். மேலிருந்து கீழே பார்த்தால் தொகை வரிசை சீரில்லாமல் தெரிகிறது. மெய்ப்பைப் பார்த்த விழாக்குழுப் பெரியவர் ஒருவர், "ஏன் தம்பி, படிச்சவங்க குடுத்த பணத்தை மட்டும் பெருசாப் போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஊர்ப் பள்ளியின் மலரில் அப்படி ஒரு தோற்றம் வரவே கூடாது.

தொகைக்கென்று தனி எழுத்துப் பாணி ஒன்றை உருவாக்கி, அதில் இரண்டு அறைக்கும் ஒரே எழுத்துரு, ஒரே அளவு கொடுத்து, எண்களை எல்லாம் தேடிப் பிடித்து அந்தப் பாணியை ஏற்றினேன். வேலை முடிந்தது. ஆனால் தமிழில் எழுதுகிற ஒவ்வொருவரும் இதைச் செய்ய வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் வருத்தம். தமிழ், ஆங்கிலம், எண் மூன்றும் கலக்காமல் நம் ஊரில் ஒரு கல்யாணப் பத்திரிகைகூட அடிக்க முடியாது. எண்களுக்கு எந்த எழுத்துரு என்று கேட்கும் ஒரு சின்னப் பெட்டி போதும்.

திட்டியாகிவிட்டது. நியாயத்தையும் சொல்ல வேண்டும்.

தமிழை இந்த அளவுக்கு ஒழுங்காகக் காட்டியதே லிப்ரே ஆபிஸை உருவாக்குகிறவர்கள் பார்த்த பெரிய வேலை. 2017 தொடக்கத்தில் 5.3 பதிப்பு வரும்வரை, விண்டோஸில் ஒரு மாதிரி, லினக்ஸில் ஒரு மாதிரி, மேக்கில் ஒரு மாதிரி என்று அந்தந்தக் கணினியின் போக்கில் எழுத்துகளைக் கோத்தார்கள். ஒரு கணினியில் அமைத்த பக்கம் இன்னொன்றில் வேறு இடத்தில் உடையும். 5.3 முதல் ஹார்ஃப்பஸ் என்ற ஒரே கட்டற்ற நிரல் எல்லாவற்றிலும் அந்த வேலையைச் செய்கிறது. ஒரே எழுத்துருவை இரண்டு பக்கமும் போட்டுவிட்டால் இப்போது வீட்டு லினக்ஸில் முடித்ததை அச்சகத்து விண்டோஸில் பயமில்லாமல் திறக்கிறேன்.

இன்னொன்று, பழைய கோப்பு. இந்த மென்பொருளின் வேர் 1985-ல் ஜெர்மனியில் மார்கோ போரீஸ் தொடங்கிய ஸ்டார் டிவிஷன் நிறுவனத்தில் இருக்கிறது. 1999-ல் சன் நிறுவனம் அதை வாங்கி, அடுத்த ஆண்டே ஓப்பன் ஆபிஸ் என்ற பெயரில், யாரும் எடுத்து மாற்றலாம் என்று நிரலைத் திறந்துவிட்டது. 2010-ல் சன் நிறுவனமே ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போனது. அந்த ஆண்டு செப்டம்பரில் நிரலாளர்களில் பலர் பிரிந்து டாக்குமெண்ட் ஃபவுண்டேஷனைத் தொடங்கி, அதே நிரலை லிப்ரே ஆபிஸ் என்ற பெயரில் வளர்த்தார்கள். இத்தனை கை மாறியும் நான் ஓப்பன் ஆபிஸில் அடித்து வைத்த கோப்புகள் இன்றைக்கும் திறக்கின்றன. நிரல் திறந்தது என்பது ஒரு காரணம். கோப்பு வடிவமே திறந்தது என்பது அதைவிடப் பெரிய காரணம். ஓடிஎஃப் என்ற அந்த வடிவம் 2006-ல் ஐஎஸ்ஓ தரமாகிவிட்டது, எண் 26300.

அதன் அருமை ஒரு மின்வெட்டில்தான் முழுசாகப் புரிந்தது. பென் டிரைவில் சேமித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. மறுபடி திறந்தால் கோப்பு பழுது என்றது. பழுது நீக்கட்டுமா என்று கேட்டது, சரி என்றேன், நீக்க முடியவில்லை. ரைட்டர் சேமிக்கும் ஓடிடி (.odt) கோப்பு என்பது உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப் பொட்டலம். பின்னொட்டை ஜிப் என்று மாற்றிப் பிரித்தேன். படங்களில் சில போயிருந்தன. உள்ளடக்கம் இருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பு முழுசாக இருந்தது. அதைச் சாதாரண உரைத் திருத்தியில் திறந்தால், குறிகளுக்கு நடுவே என் தமிழ் வரிகள் ஓர் எழுத்துகூடக் குறையாமல் நிற்கின்றன. யாரிடமும் அனுமதி கேட்காமல், எந்தச் சிறப்பு மென்பொருளும் இல்லாமல், என் எழுத்தை நானே எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

அப்புறம் தேடி மாற்றும் வசதி. மலருக்கு வந்த கட்டுரைகளில் பாதி, பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாற்றியவை. அவற்றில் ஒரு நோய் இருக்கும். 'ர்' இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலும் புள்ளியும் சேர்ந்து 'ா்' என்று நிற்கும். 'அவர்கள்', 'அவா்கள்' இரண்டையும் தாளில் பார்த்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் தேடினால் கிடைக்காது, அகரவரிசையில் தப்பான இடத்தில் போய் விழும். சந்தேகம் வந்தால் அந்த எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஆல்ட்டும் எக்ஸும் அழுத்துவேன். எழுத்து இருந்த இடத்தில் அதன் யூனிகோடு எண் வந்து நிற்கும், குட்டு வெளிப்பட்டுவிடும். மறுபடி அழுத்தினால் எழுத்தாகிவிடும். தேடும் பெட்டியில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற குறியீட்டுத் தேடலை இயக்கி அந்த எண்களையே கொடுத்தால், மலர் முழுவதிலும் இருக்கும் போலி 'ர்' எல்லாம் ஒரே சொடுக்கில் மாறிவிடும். 'ஔ'வுக்குப் பதிலாக 'ஒள' என்று அடித்திருப்பதையும் இப்படியே பிடிக்கலாம். மெய்ப்புப் பார்க்கிறவருக்கு இதைவிட நல்ல துணை வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன விஷயம். பழைய கணினியில் முதல்முறை திறக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். மைக்ரோசாஃப்ட் வேர்டின் டாக்எக்ஸ் கோப்புகளில் எளிமையானவை நன்றாகவே வரும், அட்டவணையும் உரைப்பெட்டியும் நிறைந்தவை இடம் மாறும். தமிழ்ச் சொல்திருத்தியை நான் அணைத்தே வைத்திருக்கிறேன். வேற்றுமையும் காலமும் இடமும் ஒட்டி நீளும் நம் சொற்களைப் பட்டியல் போட்டு அடக்க முடிவதில்லை, சரியாக எழுதிய பக்கமும் சிவப்புக் கோடாகவே தெரியும். பிடிஎஃப் ஏற்றுமதியில் இதுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை.

மலர் அச்சுக்குப் போன அன்று மாலை, ஜெராக்ஸ் கடையும் டிடிபி வேலையும் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார். "அண்ணே, கடை மெஷின் எல்லாத்துலயும் லிப்ரே ஆபிஸ் போட்டுரலாமா? வருசா வருசம் சந்தா கட்டி மாளல."

"வேணாம் தம்பி" என்றேன்.

மேலே இவ்வளவு பாராட்டிவிட்டு இப்படிச் சொல்வது பொருந்தாமல் தெரியலாம். ஆனால் அவர் கடைக்கு வருகிறவர்கள் டாக்எக்ஸில் பயோடேட்டாவைக் கொண்டுவந்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நிற்பவர்கள். அங்கே உட்கார்ந்து எண்ணுக்குத் தனிப் பாணி போட்டுக்கொண்டிருக்க முடியாது. வேலைக்கு இருக்கும் பெண்ணுக்கு இந்த மூன்று அறைக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கவும் அவருக்கு நேரம் இல்லை. நன்கொடையாளர் பட்டியலை இரண்டாம் முறை சரிபார்த்து முடித்த கையோடு என் வாயில் வேறு பதில் வந்திருக்காது என்பதும் உண்மை. என் கணினியில் மட்டும் வேறு எதையும் நிறுவும் எண்ணம் எனக்கு இல்லை.

இந்த எண் பிரச்சினையை, பட்டியலின் மாதிரிப் பக்கத்தோடு லிப்ரே ஆபிஸின் வழு (மென்பொருள் பிழை) பதிவேட்டில் எழுதப் போகிறேன். அங்கே யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கி எழுதலாம். தமிழில் பக்கம் அமைக்கிற இன்னும் சிலர் தங்கள் மாதிரியையும் கொண்டுவந்து சேர்த்தால் கவனம் கிடைக்கும். அதுவரை இதில் தமிழ் வேலை எடுக்கிறவர்கள் முதல் வரி தட்டும் முன்பே, தமிழும் ஆங்கிலமும் இரண்டும் உள்ள ஓர் எழுத்துருவைத் தேர்ந்து, இயல்புப் பாணியில் இரண்டு பகுதியிலும் அதையே ஒரே அளவில் வைத்துக்கொள்ளுங்கள். தலைப்புப் பாணிகளுக்கும் அப்படியே செய்து வார்ப்புருவாகச் சேமித்துவிடுங்கள். அதன் பிறகு அளவை மேலே இருக்கும் கருவிப்பட்டையில் மாற்றாதீர்கள், பாணியிலேயே மாற்றுங்கள்.