மூளைக்கட்டி அறுவைக்கான 5-ஏ.எல்.ஏ. குடிமருந்து: கட்டியைக் காட்டுவதில் கெட்டி, வார்டு வெளிச்சத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்

பெங்களூரில் கிளியோமா என்ற மூளைக்கட்டி அறுவைக்கு நாள் குறித்துவிட்டு, "காலையில ஒரு மருந்து குடிக்கணும், அப்புறம் வெளிச்சம் படக் கூடாது" என்று டாக்டர் சொன்னால் அது பெரும்பாலும் 5-ஏ.எல்.ஏ. (5-அமினோலெவுலினிக் அமிலம்) தான். ஐரோப்பாவில் 2007-லும் அமெரிக்காவில் 2017-லும் அனுமதி பெற்ற மருந்து. உடம்புக்குள் போனதும் புரோட்டோபார்ஃபிரின் என்ற பொருளாக மாறிக் கட்டியின் செல்களில் அதிகமாகச் சேர்கிறது. மைக்ரோஸ்கோப்பில் நீல ஒளியைப் போட்டால் கட்டி சிவப்பாக மின்னும். 2006-ல் வெளியான ஜெர்மானிய ஆய்வில் இதைக் குடித்தவர்களில் 65 சதவீதத்தினருக்குக் கட்டியை முழுதாக எடுக்க முடிந்தது. வழக்கமான வெள்ளை ஒளியில் 36 சதவீதம். இந்த வேலைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

ஒரு பாட்டிலில் 1.5 கிராம் தூள். 50 மி.லி. குடிநீர் ஊற்றிக் கரைக்க வேண்டும். அளவு கிலோவுக்கு 20 மி.கி.; 60 கிலோ உள்ளவருக்கு 40 மி.லி. ஒரு பாட்டில் 75 கிலோ வரைதான் போதும். எடை அதற்கு மேல் என்றால் இரண்டாவது பாட்டில் உடைக்க வேண்டிவரும். விலை சாதாரணமில்லை, அதனால் எடையைச் சரியாகப் பார்த்துவிட்டு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மயக்க மருந்துக்கு 2 முதல் 4 மணி நேரம் முன்பு குடிக்க வேண்டும். ஆபரேஷன் தியேட்டர் லிஸ்ட் தள்ளிப்போய் 12 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் அன்றைய அறுவையை மறுநாளைக்கு மாற்றி, மருந்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

குறை தோலில்தான். தோல் செல்களும் அதே புரோட்டோபார்ஃபிரினை உண்டாக்கும். வெளிச்சம் பட்டதும் அது ஆக்சிஜனைத் தூண்டிச் சுற்றியுள்ள திசுவைத் தாக்குவதால் எரிச்சல், சிவப்பு, வீக்கம், சில சமயம் கொப்புளம். முகம், கழுத்து, கைகளின் புறம் முதலில் மாட்டும். ஐரோப்பிய வழிகாட்டுதல் 24 மணி நேரம் வெளிச்சத்திலிருந்து ஒதுங்கச் சொல்கிறது. அமெரிக்க வழிகாட்டுதல் 48 மணி நேரம். 48-ஐப் பிடித்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

பல குடும்பங்கள் எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்கிரீன் வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கின்றன. அது வீண் செலவு. இங்கே தொல்லை தருவது 400 நானோமீட்டரைச் சுற்றியுள்ள, கண்ணுக்குத் தெரியும் ஊதா-நீல ஒளி. சாதாரண கிரீம் புறஊதாக் கதிருக்குத்தான் தடை. ஜன்னல் கண்ணாடியும் இந்த ஒளியை அப்படியே உள்ளே விடும். பெங்களூர் மேகமூட்டத்தை நம்பவும் வேண்டாம். காசு போடுவதென்றால் துணியில் போடுங்கள்: நெருக்கமாக நெய்த அடர் நிறப் பருத்தித் துப்பட்டா, முழுக்கைச் சட்டை, கையுறை, அகல விளிம்புத் தொப்பி.

வார்டில் தவறுவது சின்னச் சின்ன இடங்களில். ஜன்னல் ஓரக் கட்டில் கொடுப்பார்கள், மாற்றிக் கேளுங்கள். அறுவைக்குப் பின் எம்.ஆர்.ஐ. எடுக்க வேறு கட்டடத்துக்கு ஸ்ட்ரெச்சரில் தள்ளிப் போகும்போது நடுவில் திறந்தவெளி வரும். முகத்தோடு சேர்த்து மூடச் சொல்லுங்கள், மூச்சுக்கு இடம் விட்டு. டிரெஸ்ஸிங் போடும்போது பளிச்சென்ற விளக்கை முகத்துக்கு மேலே இழுக்க வேண்டாம். கண்ணின் பாப்பாவைப் பார்க்க நர்ஸ் டார்ச் அடிப்பதை மட்டும் தடுக்காதீர்கள்: நொடிக்கணக்கில் முடியும் அந்தச் சோதனை உயிர் காக்கும். கும்மிருட்டும் தேவையில்லை, மங்கலான அறை விளக்கு போதும். ஷிஃப்ட் மாறும்போது தகவல் விட்டுப்போகும் என்பதால் மருந்து குடித்த நேரம், எத்தனை மணி வரை வெளிச்சம் கூடாது என்பது இரண்டையும் கன்னடம், ஆங்கிலத்தில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள்.

டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின், சல்ஃபா மருந்துகள் தாமே வெயில் கூச்சம் தருபவை. வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பார்ஃபிரியா (உடம்பில் இதே வகைப் பார்ஃபிரின் பொருள்கள் தேங்கும் நோய்) உள்ளவர்களுக்கு 5-ஏ.எல்.ஏ. தரவே கூடாது.

சில இடங்களில் இதற்குப் பதிலாக ஃப்ளூரசீன் என்ற சாய ஊசி போடுவார்கள். அதில் தோல் சில மணி நேரம் மஞ்சளாகும், சிறுநீர் ஒன்றரை நாள் வரை பளீர் மஞ்சளாகப் போகும். காமாலை என்று பயப்பட வேண்டாம். எரிச்சலோடு சிவந்தால்தான், எந்த மருந்தானாலும், வெளிச்சத்திலிருந்து நகர்த்தி, குளிர்ந்த ஈரத்துணி வைத்து, உடனே டியூட்டி டாக்டரைக் கூப்பிட வேண்டும்.