நேர்கோலா, வளைந்ததா? நகரி வெயிலில் ஒரு திரவப் படிகத் தேர்வு

திரவப் படிகம் என்பது திரவம்போல் ஓடினாலும் மூலக்கூறுகள் ஒரே திசை பார்த்து நிற்கும் பொருள். அந்த வரிசையைக் குலைப்பது எவ்வளவு கடினம் என்று சொல்லும் மீட்சி மாறிலிகளை எம்.எஸ்சி ப்ராஜெக்டில் அளக்க நினைத்தால், ஆய்வகத்தில் முதலில் கை நீளுவது 5சிபி என்ற திரவப் படிகத்தின் பக்கம்தான். நேரான கோல் மூலக்கூறு. நான் எடுத்தது வளைந்த சிபி7சிபி. நகரி, புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

5சிபி மலிவு, சுலபமாகக் கிடைக்கும், ஒத்துப்பார்க்கப் பழைய அளவுகளும் ஏராளம். 26 டிகிரியில் விரிவு மாறிலி (வரிசை விசிறிபோல் விரிவதற்கான எதிர்ப்பு) சுமார் 6 பிக்கோ நியூட்டன், வளைவு மாறிலி (வரிசை வில்லாக வளைவதற்கான எதிர்ப்பு) சுமார் 8. சரி, அதில் புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது?

சிபி7சிபியில் இரண்டு விறைப்பான துண்டுகளை ஏழு கார்பன் சங்கிலி இணைக்கிறது. ஏழு ஒற்றைப்படை என்பதால் மூலக்கூறே வளைந்து நிற்கும். வளைவு அதற்குப் பாரமில்லை. குளிர்விக்கக் குளிர்விக்க வளைவு மாறிலி 1 பிக்கோ நியூட்டனுக்கும் கீழே இறங்குகிறது. சுமார் 103 டிகிரியில் நெமாட்டிக் நிலை (மூலக்கூறுகள் ஒரே திசை பார்த்து நிற்கும் நிலை) முடிந்து, மூலக்கூறுகள் 8 நானோமீட்டர் அளவுப் புரியாகச் சுருள்கின்றன. வளைவு மாறிலி எதிர்க்குறியானால் இப்படி நடக்கும் என்று இயற்பியலாளர் டோஸோவ் 2001லேயே எழுதிவிட்டார். வளைமைய (நடுப்பகுதியே வளைந்த) மூலக்கூறுகளில் வளைவு மாறிலி விரிவு மாறிலியைவிடச் சிறியது என்று ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் சுரஜித் தாரா குழுவினர் 2010இல் அளந்து காட்டியதும் இந்த வழிதான்.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது வெப்பநிலை. 5சிபி சுமார் 35 டிகிரியில் சாதாரணத் திரவமாகிவிடும். சித்திரை, வைகாசியில் எங்கள் பக்கம் 40 சர்வசாதாரணம். ஏசி இல்லாத அறையில் சீசாவிலேயே கலங்கல் போய்த் தெளிந்துவிடுகிறது. திரவப் படிகத்தை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே அடைத்ததுதான் செல். அதை வைக்கும் ஹாட் ஸ்டேஜுக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. அறையே 38இல் இருக்கும்போது செல்லை 26இல் நிறுத்தக் குளிர்நீர்ச் சுற்று வேண்டும், அதற்குத் தனிச் செலவு. மாறிலியோ வெப்பநிலையோடு சேர்ந்தே மாறும். நிலைமாற்றத்தை நெருங்கினால் அரை டிகிரி ஆட்டம்கூட அளவைக் கெடுக்கும்.

சிபி7சிபியின் நெமாட்டிக் நிலை 103க்கும் 116க்கும் இடையில். 110இல் நிறுத்தினால் அறை 25 ஆனாலும் 40 ஆனாலும் ஸ்டேஜுக்குக் கவலையில்லை. வெப்பம் எப்போதும் வெளியேறிக்கொண்டே இருப்பதால் கன்ட்ரோலர் நிதானமாகப் பிடித்துக்கொள்ளும். சூடான பொருளே சுலபமாக அடங்குகிறது!

தொல்லையும் உண்டு. கரண்ட் போனால் செல் குளிர்ந்து புரிநிலைக்குள் விழும். மறுபடி 116ஐத் தாண்டச் சூடாக்கி மெதுவாக இறக்கி வரிசைப்படுத்த வேண்டும். யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். விலையும் அதிகம்.

வளைந்தவை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். பலவற்றின் மின்கடத்தாத் திசைவேறுபாடு எதிர்க்குறி, அதாவது மூலக்கூறுகள் மின்புலத்துக்குக் குறுக்காகவே நிற்கப் பார்க்கும். கிடைவரிசைச் செல்லில் (மூலக்கூறுகள் கண்ணாடிக்கு இணையாகப் படுத்திருக்கும் செல்) மின்னழுத்தம் ஏற்றிக் கொள்ளளவு பார்க்கும் ஃப்ரெடரிக்ஸ் முறை அங்கே பலிக்காது. சிபி7சிபிக்கு அந்தச் சிக்கல் இல்லை. மூன்றாவதான முறுக்கு மாறிலியை (வரிசை முறுக்கிக்கொள்வதற்கான எதிர்ப்பு) நான் அளந்ததில்லை. அதற்குச் செல் அமைப்பே வேறு, தெரிந்தவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.