ரப்பர், கபர்டீன், மெழுகு: பிரிட்டிஷ் மழைக்கோட்டுகளில் எதை வாங்கலாம்?

பிரிட்டிஷ் மழைக்கோட் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பெயரை, அடுத்தது விலையை. அதற்கெல்லாம் முன்பு ஒன்றைப் பார்க்க வேண்டும்: தண்ணீரைத் தடுக்கிற பொருள் துணியில் எங்கே இருக்கிறது? மெக்கின்டாஷில் அது இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பராக இருக்கிறது. பர்பெர்ரியில் நூலிலேயே ஏற்றப்பட்டிருக்கிறது. பார்பரில் துணி முழுக்க மெழுகாக ஊறியிருக்கிறது. கோட் எவ்வளவு மழை தாங்கும், எங்கே முதலில் ஒழுகும், கெட்டுப்போனால் சரிசெய்ய முடியுமா என்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்தில்தான் அடங்கியிருக்கிறது. செக் லைனிங், அரச முத்திரை, விளம்பரத்தில் வரும் குதிரை, நாய் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ரப்பர்: மெக்கின்டாஷ்

1823-ல் கிளாஸ்கோ வேதியியலாளர் சார்ல்ஸ் மெக்கின்டாஷ் இதற்குக் காப்புரிமை பெற்றார். நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் நாப்தாவில் ரப்பரைக் கரைத்துத் துணியில் பூசினார், அதன்மேல் இன்னொரு துணியை ஒட்டினார். தண்ணீர் உள்ளே போக வழியே இல்லை. ஆனாலும் முதல் இருபது ஆண்டுகள் அந்தக் கோட்டுக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை. வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது, நாற்றம் வேறு. கம்பளியில் இயல்பாக இருக்கும் எண்ணெய்ப்பசை ரப்பரைக் கெடுத்தது. துணியை வாங்கிப்போன தையற்காரர்கள் வழக்கம்போல் ஊசி போட்டுத் தைத்தார்கள். ஊசி போன ஒவ்வொரு துளையிலும் தண்ணீர் இறங்கியது. ரப்பரைப் பிசையும் எந்திரத்தை உருவாக்கிய தாமஸ் ஹான்காக் கூட்டாளியாக வந்து, ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் முறையை 1840-களில் கொண்டுவந்த பிறகுதான் பிசுபிசுப்பு தீர்ந்தது.

அன்றைக்குக் கிடைத்தது தென்னமெரிக்கக் காட்டு ரப்பர். 1876-ல் பிரேசில் விதைகள் லண்டன் கியூ தோட்டம் வழியாக இலங்கைக்கும், பிறகு மலாயாவுக்கும் போயின. இருபதாம் நூற்றாண்டில் பிரிட்டனுக்குப் போன ரப்பரில் கணிசமான பங்கு, மலாயாத் தோட்டங்களில் தமிழர்கள் சீவிய பால்மரங்களிலிருந்து வந்தது. எந்தக் கோட்டின் வரலாற்றுக் குறிப்பிலும் அதைப் பார்க்க முடியாது.

1925-ல் டன்லப் நிறுவனம் மெக்கின்டாஷை வாங்கியது. இன்று அந்தப் பெயரில் ரப்பர் கோட் தயாராவது ஸ்காட்லாந்தின் கம்பர்நால்டில். 2007 முதல் உரிமை ஜப்பானின் யாகி சூஷோவிடம். தையல் முடிந்ததும் ஒவ்வொரு தையல்கோட்டின் உட்புறமும் பசை தடவி, மேலே நாடாவை வைத்துக் கையால் அழுத்தி ஒட்டுவார்கள். கோட்டைத் திருப்பிப்போட்டால் அந்த நாடாக்கள் தெரியும். கோட்டின் ஆயுள் அவற்றில்தான் இருக்கிறது.

கொட்டும் மழையில் அரைமணி நேரம் நின்றாலும் தோள் நனையாது என்றால் இந்த மூன்றில் இது ஒன்றுதான். ஆனால் தண்ணீர் உள்ளே வராத மாதிரி, வியர்வையும் வெளியே போகாது. அக்குளில் காற்றோட்டத்துக்காகச் சின்ன வளையத் துளைகள் வைத்திருப்பார்கள். வேகமாக நடந்தால் அவை போதாது. பேருந்தைப் பிடிக்க ஓடி ஏறியவருக்குச் சட்டை உள்ளிருந்தே நனைந்திருக்கும். கோட் ஒழுகுகிறது என்று புகார் சொல்பவர்களில் பலருக்கு நடப்பது இதுதான்.

பராமரிப்பு எளிது, தப்பு செய்தால் தீர்வில்லை. ஈரத்துணியால் துடைக்கலாம், அவ்வளவே. டிரை கிளீனிங் கரைப்பான் ரப்பரையும் பசையையும் கெடுத்து அடுக்குகளைப் பிரித்துவிடும். இஸ்திரி கூடாது, வாஷிங் மெஷின் கூடாது, வெயிலில் காயப்போடவும் கூடாது. மடித்துப் பெட்டியில் வைத்தால் மடிப்புக்கோட்டில் ரப்பர் வெடிக்கும். அகலமான ஹேங்கரில் தொங்கவிட வேண்டும். இவ்வளவும் செய்தாலும் ரப்பர் முதுமை அடைந்தே தீரும். நாடா மட்டும் தூக்கிக்கொண்டால் மறுபடி ஒட்டலாம். நடுவில் உள்ள ரப்பரே போய்விட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

கபர்டீன்: பர்பெர்ரி, பக்கத்தில் அக்வாஸ்கூட்டம்

தாமஸ் பர்பெர்ரி 1856-ல், 21 வயதில், பேசிங்ஸ்டோக்கில் துணிக்கடை திறந்தவர். அவருடைய கணக்கு மெக்கின்டாஷுக்கு நேர் எதிர்: மழை கொஞ்சம் வந்தாலும் பரவாயில்லை, வியர்வை வெளியே போக வேண்டும். 1879-ல் உருவாக்கி 1888-ல் காப்புரிமை பெற்ற கபர்டீனில், நெய்வதற்கு முன்பே நூலுக்கு நீர்த்தடுப்பு ஏற்றினார்கள். பாவு நூலை நெருக்கி, துணியில் சாய்வான வரிகள் விழும்படி நெய்தார்கள். துளி விழுந்தால் உருண்டு ஓடும். ஆனால் துணி மூச்சுவிடும். அமுன்ட்சென், ஷாக்கிள்டன் போன்ற துருவப் பயணிகள் இதை எடுத்துப்போனதற்குக் காரணம் மழை அல்ல, காற்று. நெருக்க நெசவு காற்றை நன்றாகத் தடுக்கும்.

அக்வாஸ்கூட்டம் இதற்கு மூத்தது. ஜான் எமரி 1851-ல் லண்டனில் தொடங்கினார். 1853-ல் நீர் தடுக்கும் கம்பளித் துணிக்குக் காப்புரிமை. பெல்ட் கட்டும் நீள மழைக்கோட்டான டிரெஞ்ச் கோட்டைக் கண்டுபிடித்தது யார் என்று இரண்டு நிறுவனங்களும் நூறு வருஷமாக உரிமை கொண்டாடுகின்றன. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் சீருடையைச் சொந்தமாக வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது, அதனால் கடைகளுக்குள் போட்டி. ஒரே மாதிரியான கோட்டைப் பலர் விற்றார்கள். கண்டுபிடித்தவர் ஒருவர் என்று சொல்வதைவிட, ஒரு சந்தை சேர்ந்து உருவாக்கியது என்பதே சரி. பிறகு கைமாறிக் கைமாறி, 2012-ல் அக்வாஸ்கூட்டம் நொடித்துப்போனது. இன்று அந்தப் பெயரில் பழைய கோட் கிடைத்தால் வாங்கலாம். புதிய கோட்டுக்கு அந்தப் பெயர் மட்டும் உத்தரவாதம் ஆகாது.

பர்பெர்ரியும் ஆட்டம் கண்ட நிறுவனம்தான். 1955-ல் கிரேட் யுனிவர்சல் ஸ்டோர்ஸ் அதை வாங்கியது. 1990-களின் கடைசியில் பெயரின் ஈற்றில் இருந்த ‘ஸ்’ நீக்கப்பட்டு, ‘பர்பெர்ரிஸ்’ ‘பர்பெர்ரி’ ஆனது. பழைய கோட் வாங்குபவருக்கு இது உதவும்: லேபிளில் ‘ஸ்’ இருந்தால் அந்த மாற்றத்துக்கு முந்தையது. பழைய கோட்டுகளில் பருத்தியும் பாலியஸ்டரும் கலந்தவை நிறைய உண்டு. அவை சுருங்காது, சீக்கிரம் காயும். ஆனால் முழுப் பருத்தி கபர்டீன் உடலில் படிந்து விழும் அழகு அவற்றுக்கு வராது. உள்ளே இருக்கும் துணி லேபிளைப் படிக்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

பர்பெர்ரியின் ‘ஹெரிடேஜ்’ வரிசைப் புதிய டிரெஞ்ச் கோட்டுக்கான கபர்டீன் யார்க்‌ஷரின் கீத்லியில் நெய்யப்பட்டு, காசில்ஃபோர்டில் தைக்கப்படுகிறது. வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. காலர் கழுத்தைச் சுற்றி வளைந்து உட்காருவதற்காக மட்டும் 180-க்கு மேற்பட்ட நுண்தையல்கள். தோள் பட்டை, ஒரு பக்கத் தோளில் விழும் மடல், முதுகில் இன்னொரு மேல்மடல், கழுத்துப் பட்டை எல்லாமே உண்மையான வேலைக்காக வந்தவை: மடல்கள் இருக்கும் இடத்தில் துணி இரண்டு அடுக்கு ஆகிறது, மேலே விழுந்த நீர் கீழ்த் தையலில் இறங்காமல் விளிம்பில் சொட்டுகிறது. இடுப்பு வளையத்தில் கையெறி குண்டு மாட்டினார்கள் என்ற கதையை மட்டும் நம்ப வேண்டாம்.

எங்கே தோற்கிறது? தோளில். தூறலுக்கு அருமையான கோட். நல்ல மழையில் கொஞ்ச நேரம் நடந்தால் தோள் மேட்டிலும் முன்கையிலும் துளி உருளாமல் பரவி, துணி கறுக்கத் தொடங்கும். அங்கே ஈரம் ஊறுகிறது என்று அர்த்தம். நீர்த்தடுப்பு தேயக் காரணங்கள் உராய்வு, அழுக்கு, அடிக்கடி டிரை கிளீனிங். தோள்பை மாட்டுபவரின் கோட்டில் பட்டை உரசிய இடம்தான் முதலில் நனையும். டிரை கிளீனரிடம் கொடுக்கும்போது நீர்த்தடுப்பை மறுபடி ஏற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். எல்லோரும் செய்ய மாட்டார்கள். வீட்டில் தெளிப்பானும் பயன்படுத்தலாம்: சுத்தமான துணியில் சீராகத் தெளித்து, நன்றாகக் காயவிட்டு, தெளிப்பானின் குறிப்பு அனுமதித்தால் மேலே மெல்லிய துணி போட்டு மிதமான இஸ்திரி. அழுக்கின்மேல் தெளித்தால் அழுக்குதான் பத்திரமாகும். ஆனாலும் ஆலையில் நூலில் ஏற்றியதற்கு இது சமம் ஆகாது.

மெழுகு: பார்பர், பெல்ஸ்டாஃப்

1894-ல் ஜான் பார்பர் சவுத் ஷீல்ட்ஸில் கடை திறந்தபோது வாடிக்கையாளர்கள் மாலுமிகள், மீனவர்கள், துறைமுகத் தொழிலாளர்கள். அக்காலத்து எண்ணெய்த்துணிக்குப் பூசியது ஆளிவிதை எண்ணெய். நாளாக ஆக அது மஞ்சளாகும், குளிரில் விறைத்து வெடிக்கும். 1930-களில் பாரஃபின் மெழுகு ஏற்றிய பருத்தி வந்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது. 1936-ல் வந்த ‘இன்டர்நேஷனல்’ என்ற ஜாக்கெட், மோட்டார் சைக்கிள்காரர்களுக்கானது. அதன் இடது மார்புப் பை சாய்ந்திருப்பது, வண்டியில் உட்கார்ந்தபடியே வரைபடத்தை எடுக்க. இன்று எல்லோரும் போடும் பீடேல் 1980-ல் மார்கரெட் பார்பர் வடிவமைத்தது. குதிரை ஏறுபவருக்கென நீளம் குறைவு, பின்னால் இரண்டு பிளவு, கைக்குள் பின்னல் கஃப். அதற்கு அண்ணன்போல் இருக்கும் பியூஃபோர்ட் கொஞ்சம் நீளம், முதுகில் வேட்டைப் பை. உள்ளே சூட் கோட் போடுபவர் பியூஃபோர்ட் எடுக்கட்டும். பீடேலுக்குக் கீழே சூட் கோட்டின் விளிம்பு தொங்கும்.

பெல்ஸ்டாஃப் 1924-ல் ஸ்டாஃபர்ட்‌ஷரின் லாங்டனில் பிறந்தது. 1948-ல் வந்த டிரையல்மாஸ்டர், இன்டர்நேஷனலின் நேர்ப் போட்டியாளர். துணியைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே இனம். வித்தியாசம் பிற்பாடு வந்தது: பெல்ஸ்டாஃப் 2004-ல் இத்தாலியர்களிடம், 2011-ல் லேபலக்ஸிடம், 2017-ல் இனியோஸிடம் என்று கைமாறிக்கொண்டே ஃபேஷன் பக்கம் சாய்ந்தது. பார்பர் இன்றும் குடும்ப நிறுவனம். கிளாசிக் மெழுகு ஜாக்கெட்டுகளை சவுத் ஷீல்ட்ஸிலேயே தைக்கிறது. மற்ற பல உடைகள் வெளிநாட்டில் தயாராகின்றன, ஆகவே லேபிளைப் பார்த்தே வாங்க வேண்டும். பழைய ஜாக்கெட்டை அனுப்பினால் மெழுகு ஏற்றி, கிழிசலுக்கு ஒட்டுப்போட்டு, ஜிப் மாற்றித் தருவதும் பார்பரின் பழைய வழக்கம். இந்த அலசலில் பார்பர் பக்கம் தராசு சாய்வதற்கு இதுவே பெரிய காரணம்.

மெழுகு எங்கே தேயும் என்பது கண்ணாலேயே தெரியும். முழங்கை மடிப்பு, தோள், பை மூடியின் விளிம்பு வெளிறிப்போய், துணி சாதாரணப் பருத்திபோல் உலர்ந்து தெரியும். அடிக்கடி போடுபவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டும். 200 மில்லி டின் ஒன்று ஒரு ஜாக்கெட்டுக்குப் போதும்.

முதலில் குளிர்ந்த நீரில் நனைத்த ஸ்பாஞ்சால் துடைத்து முழுக்கக் காயவிட வேண்டும். சோப்பு கூடாது, வெந்நீர் மெழுகை இளக்கிவிடும். டின்னைத் திறந்து, வெந்நீர் நிரம்பிய பாத்திரத்தில் மெழுகு தெளிவான திரவமாகும்வரை வைக்க வேண்டும். நேராக அடுப்பில் வைப்பது தீயைக் கூப்பிடுகிற வேலை. பழைய பருத்தித்துணியால் தொட்டு, வட்டமாகத் தேய்த்து ஏற்ற வேண்டும், ஒவ்வொரு பகுதியாக. தையல்கோடுகளுக்குக் கூடுதல் கவனம், ஒழுகினால் அங்கேதான் ஒழுகும். கார்டுராய் காலர், கை சூடாக்கும் பையின் உட்துணி, லைனிங் ஆகியவற்றில் படக்கூடாது. பிறகு ஹேர் டிரையரால் சூடு காட்டினால் மேலே வெள்ளையாக உறைந்த மெழுகு இளகி உள்ளே இறங்கும். மிச்சத்தைத் துடைத்துவிட்டு, மற்றத் துணிகள் படாத இடத்தில் ஓர் இரவு தொங்கவிட வேண்டும். பெரும்பாலோர் செய்யும் பிழை அதிகம் பூசுவது. அது துணிக்குள் போகாமல் மேலேயே நின்று, தூசியைப் பிடித்து, கார் இருக்கையில் கறையாக இறங்கும்.

ஒருமுறை வாஷிங் மெஷினில் போட்டால் மெழுகு போய்விடும், பிறகு சீராக ஏறவே ஏறாது. ஈரத்தோடு அலமாரியில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். வாசனையும் உண்டு, நெரிசலான ரயிலில் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும். 30 டிகிரி வெயிலில் அணியவே முடியாது.

இடையில் ஒரு நான்காவது

வென்டைல் என்ற துணியை மான்செஸ்டரின் ஷர்லி ஆய்வகம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உருவாக்கியது, கடலில் விழும் விமானிகளின் உடைக்காக. நீள இழைப் பருத்தியை மிக நெருக்கமாக நெய்திருப்பார்கள்; நனைந்ததும் நூல் உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். பூச்சை நம்பாத ஒரே ஏற்பாடு இது. நனைந்தால் கனக்கும், விறைக்கும், காய நேரமாகும். மலையேறுபவர்களுக்கும் பறவை பார்ப்பவர்களுக்கும் பிடித்தது, ஏனென்றால் சரசரப்பு இல்லை.

எதை எடுப்பது

ஆபீஸ், ரயில் நிலையம், நடுவில் ஐந்து நிமிடத் தூறல் என்றால் கபர்டீன். புதிதாக வாங்கினால் பார்பரின் விலை பர்பெர்ரி டிரெஞ்சில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. அதனால் டிரெஞ்ச் கோட்டை செகண்ட் ஹேண்டில் தேடுவதே புத்திசாலித்தனம். காலர் மடிப்பின் விளிம்பையும் கஃப் விளிம்பையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும், முதலில் இழை பிரிவது அங்கேதான். பெல்ட் கூடவே இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். தொலைந்தால் அதே துணியில் இன்னொன்று கிடைப்பது கஷ்டம்.

மழையில் நின்றே ஆக வேண்டிய வேலை, நடை குறைவு என்றால் மெக்கின்டாஷ், அதுவும் புதிதாக மட்டும். பழையதை வாங்குபவர்கள் காலரை மடக்கிப் பார்க்கட்டும். கொப்புளம்போல் துணி எழும்பினாலோ, உள்ளே நொறுங்கும் சத்தம் கேட்டாலோ அடுக்கு பிரிந்துவிட்டது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மற்ற எல்லாவற்றுக்கும் மெழுகு. பழைய பார்பர் வெளிறியிருந்தால் பயப்பட வேண்டாம், அது ஒரு டின் வேலை. சின்னக் கிழிசலும் பரவாயில்லை. முகர்ந்து பார்த்துப் பூஞ்சை வாடை அடித்தால் விட்டுவிடலாம். சோப்பு வாசனை வந்தால் யாரோ மெஷினில் போட்டிருக்கிறார்கள், அதையும் விட்டுவிடலாம். கடைசியாக, இருவழி ஜிப்பின் கீழ் ஸ்லைடர் முழுவதும் அடியில் இறங்கி உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். அரைகுறையாக நின்ற நிலையில் மேல் ஸ்லைடரை இழுத்து இழுத்தே பலர் அடிப்பல்லைக் கெடுத்துவிடுகிறார்கள். ஜிப் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேட்கலாம்.