கணினியில் அலைவழிகாட்டியா, மேசையில் ஒளியிழையா?

பேராதனையிலோ பதுளையிலோ இறுதியாண்டு ஆய்வுக்குப் போட்டோனிக்ஸை (ஒளியை உருவாக்கி, கடத்தி, அளக்கும் துறை) எடுக்கும் மாணவருக்கு, பெரிய செலவில்லாமல் கைக்கெட்டும் வழிகள் இரண்டு.

ஒன்று, சிலிக்கன் அலைவழிகாட்டியை, அதாவது ஒளியைக் கடத்தும் நுண்ணிய பாதையை, கணினியில் வடிவமைக்கலாம். ஒளி பரவுவதைக் கணிக்கும் இலவச மென்பொருளான மீப் (Meep) போதும். 220 நனோமீற்றர் உயரம், 450 நனோமீற்றர் அகலம், 1550 நனோமீற்றர் அலைநீளம் என்று தொடங்குங்கள். கணிப்புக் கட்டம் (கணிப்புக்காக இடத்தைப் பிரிக்கும் சிறு கூறு) பெரிதாக இருந்தால் வளைவில் இல்லாத இழப்பைக் காட்டும். கட்டத்தின் பக்க அளவைப் பாதியாக்கினால் முப்பரிமாணத்தில் நினைவகம் 8 மடங்கு, நேரம் ஏறக்குறைய 16 மடங்கு. முதலில் இருபரிமாணத்தில் ஓட்டிப் பாருங்கள்.

மற்றது, 1 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் ஒளியிழையில் வளைவு உணரி: இழை வளையும்போது ஒளி குறைவதை அளப்பது. சிவப்பு எல்ஈடி, போட்டோடயோட் (ஒளியை மின்னோட்டமாக்கும் உறுப்பு), பெருக்கி: சாமான் இவ்வளவுதான். அகச்சிவப்பு வேண்டாம், இவ்விழை அதைக் கூடுதலாக உறிஞ்சும். தொல்லையெல்லாம் இழை நுனியில். புதிய பிளேடால் நேராக வெட்டி, 1000, பிறகு 2000 இலக்க சாண்ட் பேப்பரில் நீர்விட்டு எட்டு வடிவில் தேயுங்கள். கீறல் மிஞ்சினால் ஒளி சிதறும். இழையைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் அளவீடு மாறும். எல்ஈடி சூடாகி நிலைபெற 20 நிமிடம் விடுங்கள், இருட்டு அளவீட்டை (ஒளியில்லாமல் எடுத்த அளவை) கழியுங்கள்.

மேற்படிப்பு நோக்கென்றால் முன்னது உதவும். ஆனால் முதல் ஆய்வுக்கு நாங்கள் உறுதியாகச் சொல்வது ஒளியிழையைத்தான்: பிழை எங்கே நுழைகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். மூன்றாமாண்டிலேயே விரிவுரையாளரிடம் பேசி ஆய்வுகூட நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.