சுவாஹிலிக் காய்கறி அட்டைகள்: கிடுங்கூவா, கிட்டுங்கூவா?

என் கணவர் தான்சானியாவின் தென்கோடியில் ம்ட்வாரா என்ற துறைமுக ஊரில் இரண்டு வருடமாக இருக்கிறார். முந்திரிக்கொட்டை வாங்கிப் பண்ருட்டிக்கு அனுப்பும் வேலை. அங்கே அறுவடை தொடங்கும் அக்டோபரில் நானும் போகிறேன். சந்தைக்குப் போனால் இன்றுவரை விரலை நீட்டித்தான் காய் வாங்குகிறாராம். விரலை நீட்டி வாங்கினால் வாடல் கத்தரிக்காய்தான் கூடைக்கு வரும் என்பது கடலூரில் வளர்ந்த எனக்குத் தெரியாதா? அதனால்தான் 180 ரூபாய் கொடுத்து இந்த அட்டைக் கட்டை வாங்கினேன். 48 அட்டைகள். ஒரு பக்கம் காயின் படம், மறுபக்கம் அங்கே பேசும் சுவாஹிலி மொழியில் அதன் பெயர், தமிழ் எழுத்தில். அச்சிட்டவர் நம் பக்கத்துக்காரர்தான், பெயர் வேண்டாம்.

அட்டை நல்ல கனம். வெங்காயம் நறுக்கிய ஈரக்கையோடு எடுத்தும் ஊறவில்லை. படங்களும் தெளிவு, வெண்டைக்காய் ஒன்றைத் தவிர. 'பாமியா' என்று எழுதிப் பச்சை மிளகாய் போல வரைந்திருக்கிறார்கள்.

குறை எழுத்தில்தான். தக்காளிக்கு 'ந்யான்யா' என்று போட்டிருக்கிறார்கள். ஞாயிறுக்கும் ஞானத்துக்கும் உள்ள ஞா நம்மிடம் இருக்கும்போது இந்தச் சுற்றுவழி எதற்கு? ஞாஞா, அவ்வளவுதான். அதே சொல்லுக்குப் பாட்டி என்றும் பொருள் உண்டு. இதை மாமியாரிடம் சொன்னேன். "அப்படியானால் ரசத்தில் என்னையா கரைத்து ஊற்றப்போகிறாய்?" என்று கேட்டார். அந்தச் சொல் மட்டும் எனக்கு மறக்கவே மறக்காது.

வெங்காயத்தில்தான் மாட்டிக்கொண்டேன். அட்டையில் 'கிடுங்கூ'. தமிழ் வாய் அதைப் படிக்கும்போது நடுவில் உள்ள டு தானாக மெலிந்து, 'கிடுகு' என்பதில் வருவதுபோல ஒலிக்கிறது. தொலைபேசியில் சொன்னேன். கணவர் பக்கத்து வீட்டு மாமாவைக் கூப்பிட்டு என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னார். வந்தது பெண் குரல். மாமா என்றால் அங்கே அம்மாவாம். இரண்டு வருடமாக அவர் "மாமா மீன் குழம்பு கொடுத்தார்" என்று சொன்னதெல்லாம் யாரோ பெரியவர் என்று நினைத்திருந்தேன்! அந்த அம்மா பொறுமையாக மூன்று முறை சொன்னார். 'டு' மெலியாமல் வன்மையாக, கிட்டுங்கூ என்பதற்குப் பக்கத்தில் வருகிறது. பிலிபிலி என்கிற மிளகாயிலும் இதே தொல்லை. இரண்டாவது பி நம் வாயில் குழைந்துவிடுகிறது, அவர்களுக்கு இரண்டும் ஒரே பி. சொல்லின் கடைசிக்கு முந்தைய அசையில்தான் அழுத்தம் என்ற ஒற்றை வரியைக் கட்டின் மேல் அட்டையில் போட்டிருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும்.

அடுத்த குறை பெரியது. எல்லாச் சொல்லும் ஒருமையில் இருக்கிறது. நாம் 'கள்' என்று வாலில் ஒட்டுவதை அவர்கள் தலையில் மாற்றுகிறார்கள்: கிட்டுங்கூ பல ஆனால் விட்டுங்கூ, உருளைக்கிழங்கு கியாசி பல ஆனால் வியாசி, பூசணி போகா பல ஆனால் மபோகா. தக்காளி போன்ற சில சொற்கள் மட்டும் மாறுவதில்லை, எத்தனை வாங்கினாலும் ஞாஞாதான். ஒரே ஒரு வெங்காயம் வாங்க யார் கூடையைத் தூக்கிக்கொண்டு போவார்கள்? அட்டையை நம்பிக் கணவர் சந்தையில் கிட்டுங்கூ கேட்டிருக்கிறார். கடைக்காரப் பெண் ஒன்றே ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டிவிட்டுச் சிரித்தாளாம்.

பக்கத்து நாடான கென்யாவின் சுவாஹிலிப் பேச்சும் தான்சானியப் பேச்சும் கலந்து கிடக்கின்றன. கொத்தமல்லிக்குத் தானியா என்று போட்டிருக்கிறது, அந்த அம்மா சொன்னது கிலிகிலானி. கென்யர்களின் 'சுகுமா விகி' கீரைக்குத் தனி அட்டை உண்டு. வாரத்தைத் தள்ளு என்று பொருளாம். சம்பளம் தீர்ந்த நாட்களில் குடும்பத்தை ஓட்டும் மலிவுக் கீரைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. ஆனால் தான்சானியாவில் இடித்துத் தேங்காய்ப்பால் விட்டுச் சமைக்கும் மரவள்ளி இலைக்கு, கிசாம்வுக்கு, அட்டை இல்லை. கிழங்குக்கு மட்டும் முஹோகோ இருக்கிறது. நாம் இலையைத் தூக்கி எறிகிறவர்கள்தானே, விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

போன சனிக்கிழமை கடலூர் பான்பரி மார்க்கெட்டில் ஒத்திகை பார்த்தேன். கூடையில் கிடந்த தண்டுக்கீரையைக் காட்டி, அட்டைக் கட்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்தபடியே "பேய் கானி?" என்றேன். என்ன விலை என்று பொருள். கீரைக்கார அம்மா கையிலிருந்த கீரைக் கட்டைக் கீழே வைத்துவிட்டார். "விடியற்காலையில் பேயைக் கூப்பிடுகிறாயே, நல்லா இருக்கியா கண்ணு?" அதன் பிறகு தமிழிலேயே பேரம் பேசி இருபது ரூபாய்க்கு இரண்டு கட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். தண்டுக்கீரையின் இனத்துக்கு அங்கே ம்ச்சிச்சா என்று பெயர். அதை அட்டை சரியாகத்தான் சொல்கிறது.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். வாங்குகிறவர்கள் ஒரு பென்சிலையும் சேர்த்து வாங்குங்கள், ஒவ்வொரு அட்டையிலும் பன்மையை எழுதிக்கொள்ள வேண்டும். அச்சிட்டவருக்கு ஒரு விண்ணப்பம்: பண்ருட்டிக்குப் பக்கத்தில் அச்சிட்ட கட்டில் பலா (ஃபெனேசி) இல்லை, முந்திரி (கொரோஷோ) இல்லை. இரண்டும் காய்கறி இல்லை என்று வாதாடலாம். ஆனால் இந்த மாவட்டத்திலிருந்து தான்சானியாவுக்குக் கப்பலேறுகிறவர்கள் வேறு எதைத் தேடிப் போகிறார்களாம்?