ஒரே எஃப்90.0, ஊருக்கு ஒரு பொருள்

கோடை விடுமுறையில் சென்னை வரும் அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் சில, பிள்ளையின் ஏடிஹெச்டி (கவனக்குறைவு, துறுதுறுப்புக் கோளாறு) பரிசோதனையையும் இங்கேயே முடித்துக்கொள்கின்றன. பரிசோதனை பெரும்பாலும் ஒழுங்காகவே நடக்கிறது. திரும்பிப் போய் அறிக்கையைப் பள்ளியில் கொடுக்கும்போதுதான் இடிக்கிறது.

அறிக்கையில் எஃப்90.0 என்ற நோய்க் குறியீட்டு எண் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-10ஐப் பார்த்து எழுதியது அது. அதன் ஆய்வு அளவுகோல்படி கவனக்குறைவில் 6, துறுதுறுப்பில் 3, அவசரத்தனத்தில் 1 அறிகுறியாவது சேர்ந்தே இருக்க வேண்டும். 7 வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். அமெரிக்கா தனக்கென மாற்றிக்கொண்ட ஐசிடி-10-சிஎம்மில் அதே எண் கவனக்குறைவு மேலோங்கிய வகையைத்தான் குறிக்கும். கவனக்குறைவும் துறுதுறுப்பும் கலந்ததற்கு அங்கே எஃப்90.2. எஃப்90.1 இன்னும் வம்பு: அங்கே துறுதுறுப்பு வகை, உலக சுகாதார நிறுவனப் பட்டியலில் நடத்தைக் கோளாறும் சேர்ந்தது. அமெரிக்க அறிக்கையோடு இங்கே வருபவர்களின் பிள்ளைக்கு இல்லாத பழி வந்து சேரலாம்.

சத்தமே போடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்பிள்ளை ஐசிடி-10இல் எஃப்90க்குள் வரமாட்டாள். அவளுக்கு எஃப்98.8, நகம் கடிப்பதும் விரல் சூப்புவதும் இருக்கும் அதே அறை! அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடாக 2013இல் வந்த டிஎஸ்எம்-5இல் இந்தத் தொல்லை இல்லை. கவனக்குறைவுக்கு ஒன்று, துறுதுறுப்பு-அவசரத்தனத்துக்கு ஒன்று என 9 அறிகுறிகள் கொண்ட இரண்டு பட்டியலில் ஏதாவது ஒன்றில் 6 போதும், 17 வயதானால் 5. சில அறிகுறிகள் 12 வயதுக்குமுன் தென்பட்டிருக்க வேண்டும். ஐசிடி-10க்கு அடுத்த பதிப்பான ஐசிடி-11இல் (எண் 6ஏ05) வயது வரம்பும் 12தான். ஆனால் எத்தனை அறிகுறி என்ற கணக்கு கிடையாது.

ஆகவே எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஐசிடியா டிஎஸ்எம்மா, எத்தனையாவது பதிப்பு, எந்த வகை, இரண்டு அறிகுறிப் பட்டியலிலும் எத்தனை அறிகுறி, எந்த வயதில் தொடங்கியது என்பதை எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

வீடு, பள்ளி என இரண்டு இடத்திலாவது அறிகுறி தெரிய வேண்டும் என்கிறது டிஎஸ்எம்-5. ஜூலையில் அமெரிக்க ஆசிரியரைத் தேடிப் பிடிக்க முடியாது. பிள்ளையின் அறிகுறிகளை ஆசிரியர் குறித்துத் தரும் வாண்டர்பில்ட் படிவத்தைப் பள்ளி மூடுவதற்குமுன் நிரப்பி வாங்கிவிடுங்கள். அது இல்லாவிட்டால் அறிக்கை அம்மா சொன்னதை மட்டும் நம்பி நிற்கும்; அங்கே கேள்வி வரும்.

ஏடிஹெச்டி மருந்தான மெத்தில்ஃபெனிடேட் எழுதிக்கொடுத்தால் சீட்டை இரண்டு பிரதியாகக் கேளுங்கள். இந்தியாவில் அது கடும் கட்டுப்பாடுள்ள எக்ஸ் அட்டவணை மருந்து. ஒரு பிரதியைக் கடைக்காரர் 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும். எல்லா மருந்துக்கடையிலும் அது இருக்காது, கிளம்பும் நாளன்று தேடாதீர்கள்.