உறை இருந்தது, கத்தி இல்லை: நாலு வருட அனுபவம்

போன ஞாயிற்றுக்கிழமை நண்பன் ஒருவன் போன் செய்தான். "காட்டுப் பக்கம் போனால் இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு நல்ல கத்தி சொல்லுடா. மடக்குக் கத்தி வேண்டாம், நீ வைத்திருக்கிற மாதிரி வேண்டும்" என்றான். அவன் கேட்ட நேரம் சரியில்லை. அப்போது நான் ஹீட் கன் (சூடான காற்றை ஊதுகிற கருவி), இரண்டு பலகைத் துண்டு, கொஞ்சம் ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு, அதே கத்தியின் உறையை மூன்றாவது தடவையாகச் சூடு காட்டி அழுத்திக்கொண்டிருந்தேன். "அப்புறம் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டேன். அந்த அப்புறம்தான் இது.

கத்தியின் ஜாதகத்தை முதலில் முடித்துவிடலாம். அலகு 12 சென்டிமீட்டர், முதுகில் 4 மில்லிமீட்டர் தடிமன். 1095 என்கிற கார்பன் எஃகு. ஃபுல் டேங், அதாவது அலகின் இரும்பே பிடியின் கடைசி வரைக்கும் ஒரே துண்டாக ஓடும். கறுப்புப் பூச்சு, கறுப்புப் பிடி, கறுப்பு உறை. கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை, திட்டப்போகிறேன் என்பதால்.

ஆனால் அலகைத் திட்ட எனக்கு வாய் வராது. இரண்டு நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு ஒரு சாயங்காலம். கிடைத்த விறகெல்லாம் வெளியே நனைந்து வழவழவென்று இருந்தது, நெருப்பு காட்டினால் புகை மட்டும்தான். மணிக்கட்டுத் தடிமனில் ஒரு கட்டையை நிறுத்தி, அதன் தலையில் கத்தியை வைத்து, முதுகில் இன்னொரு கட்டையால் அடித்தேன். நாலாவது அடியில் 'டப்' என்று பிளந்தது. உள்ளே வெளிறிய, காய்ந்த வைரம். அதை இன்னும் நாலாகப் பிளந்து ஒரு குச்சியை முழங்காலுக்குப் பக்கத்தில் ஊன்றிச் சீவினால், சுருள் சுருளாகக் கிளம்புகிறது. குச்சியை விட்டு உதிரவும் இல்லை, சுருண்டபடி அடியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தக் குச்சியில் ஒரே ஒரு பொறி விழுந்தால் போதும். விறகு பிளந்த அதே அலகு அடுத்த நிமிடமே இப்படிச் சீவுகிறது என்பதுதான் விஷயம். கோடாரியால் முதல் வேலை நடக்கும், சின்னப் பேனாக்கத்தியால் இரண்டாவது நடக்கும். இரண்டையும் செய்கிற கத்திகள் குறைவு.

ஒரு தடவை அடித்த வேகத்தில் கட்டைக்குள் இருந்த கணுவில் போய் மாட்டியது. எடுத்துப் பார்த்தால் அரை அரிசி நீளத்துக்கு அலகின் வாய், அதாவது வெட்டுகிற ஓரம், மடிந்திருந்தது, உடையவில்லை. ரொம்பக் கெட்டியாகப் பதம் ஏற்றிய எஃகாக இருந்தால் அந்த இடத்தில் சில்லு தெறித்திருக்கும், அதைச் சரிசெய்ய அலகில் நிறைய இரும்பைத் தேய்த்துத் தள்ள வேண்டியிருக்கும். மடிந்ததைக் கையளவு சாணைக்கல்லில் பத்து நிமிடத்தில் நேராக்கிவிட்டேன். கூர் எத்தனை நாள் நிற்கிறது என்று எல்லாரும் கேட்கிறார்கள். போன இடத்திலேயே கூர் ஏற்ற முடிகிறதா என்பதுதான் வீட்டை விட்டுத் தள்ளியிருக்கும்போது பெரிய கேள்வி. இந்தக் கத்திக்கு முடிகிறது.

துரு பிடிக்கும், அதை மறைக்கவில்லை. துருப்பிடிக்காத ரகம் என்று சொல்ல எஃகில் குறைந்தது பத்தரை சதவீதமாவது குரோமியம் வேண்டும், 1095இல் அது கணக்கில் சேர்க்கிற அளவுக்குக் கிடையாது. பூச்சு இருக்கிற இடத்தில் பிரச்சினை இல்லை. வாயில் பூச்சு இருக்க முடியாதே. ஈரத்தோடு ஒரு ராத்திரி விட்டால் காலையில் வாயோரம் ஆரஞ்சு நிறக் கோடு. துடைத்தால் போய்விடும், ஆனால் கூரும் கொஞ்சம் போயிருக்கும், ஏனென்றால் துரு முதலில் தின்பது இருப்பதிலேயே மெல்லிய இடத்தை. துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் தடவி வைப்பதைப் பல் தேய்ப்பது மாதிரி வழக்கமாக்கிக்கொண்டேன். பழகிய பிறகு தொந்தரவாகத் தெரியவில்லை.

முதுகு ஒரு சின்ன ஏமாற்றம். ஃபெரோ ராடில் தேய்த்துப் பொறி எடுக்கக் கத்தி முதுகின் ஓரம் செங்கோணமாக, கையில் உறுத்துகிற மாதிரி இருக்க வேண்டும். லைட்டருக்குள் போடுகிறோமே 'கல்', அதே ஃபெரோசீரியம்தான் இந்த ராடும். கூரான ஓரம் சுரண்டினால்தான் துகள் பறந்து காற்றில் தீப்பற்றும். இதில் பூச்சை வழவழவென்று உருட்டி ஊற்றிவிட்டார்கள். முதல் நாள் அரை மணி நேரம் தேய்த்தும் கறுப்புப் பொடிதான் வந்தது. அப்புறம் ஒரு அரத்தை எடுத்து நாலு விரல் நீளத்துக்குப் பூச்சைச் சுரண்டி ஓரத்தை நேராக்கினேன். இப்போது ஒரே இழுப்பில் மழை மாதிரிப் பொறி. பிடியின் பக்கத் தகடுகளின் ஓரமும் உள்ளங்கையில் கொப்புளம் போட்டது, அதற்கு உப்புத்தாள். சரி, இதெல்லாம் ஒரு மதியத்து வேலை, மன்னித்துவிட்டேன்.

உறையை மன்னிக்க முடியவில்லை.

சூட்டில் வளைத்து அலகின் வடிவத்துக்கே அச்செடுத்த கெட்டிப் பிளாஸ்டிக் உறை. வாங்கின புதிதில் உள்ளே தள்ளினால் 'க்ளிக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே சும்மா எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். உறையின் வாய்ப்பக்கம் பிளாஸ்டிக்கில் சின்னதாக ஒரு மேடு, பிடி தொடங்குகிற இடத்தில் போய்க் கவ்வும். மொத்தக் கத்தியையும் தாங்கிப் பிடிப்பது அந்த ஒரு மேடுதான். வாரோ பொத்தானோ வேறு எதுவுமே இல்லை.

ஒரு வருடத்தில் க்ளிக் 'டொக்' ஆனது. இரண்டாவது வருடம் நடக்கும்போதே சத்தம் வர ஆரம்பித்தது. வலது கால் எடுத்து வைத்தால் டக், இடது கால் வைத்தால் டக். காட்டுக்குள் பறவைச் சத்தம் கேட்கலாம் என்று போனவன், நாள் முழுக்க என் இடுப்பையே கேட்டுக்கொண்டு நடந்தேன். கூட வந்தவர், "என்னங்க, டப்பாவில் ஸ்பூனைப் போட்டு எடுத்துட்டு வர்றீங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. உள்ளே மணல் போய்விட்டால் இன்னும் மோசம். எடுக்கும்போதும் போடும்போதும் பூச்சில் கோடு கோடாகக் கீறும், மேட்டையும் கூடவே தேய்க்கும்.

மூன்றாவது வருடம் அது நடந்தது. செங்குத்தான சரிவு, மழை ஈரம், நின்று இறங்க முடியாமல் உட்கார்ந்தபடி சறுக்கிக்கொண்டே இறங்கினோம். கீழே வந்து தார்ப்பாய் கட்டக் கயிறு அறுக்கலாம் என்று இடுப்பில் கை வைத்தேன். உறை இருந்தது, கத்தி இல்லை. அந்த நொடியில் கத்தி போச்சே என்று தோன்றவில்லை. சறுக்கியபோது அது உருவிக்கொண்டு எந்தப் பக்கம் வந்திருக்கும் என்றுதான் தோன்றியது. தொடையின் உட்பக்கம் ஓடுகிற தமனி எத்தனை பெரியது, அது அறுந்தால் எத்தனை நிமிடம் இருக்கிறது என்பது முதலுதவி படித்தவர்களுக்குத் தெரியும். இந்தக் கத்தியை எதற்காகக் கட்டிக்கொண்டு போனேனோ, அந்த ஆபத்தை அதுவே கொண்டுவந்திருக்கும்.

திரும்ப ஏறித் தேடினோம். கறுப்புக் கத்தி, கறுப்புப் பிடி, மட்கிய இலை. கம்பெனிக்காரர்கள் ராணுவத் தோற்றம் வேண்டுமென்று கறுப்பாகவே செய்கிறார்கள், வாங்குகிற நாமும் அதில்தான் மயங்குகிறோம். காட்டுத் தரையில் கறுப்பு என்றால் ஒளிந்துகொள்வதற்கு என்று அர்த்தம். பிடியின் ஓட்டையில் எப்போதோ விளையாட்டாகக் கட்டின ஆரஞ்சுக் கயிறு ஒன்று இல்லாவிட்டால் அது இன்னும் அங்கேயே கிடக்கும். ஒரு வேர் இடுக்கில், வாய் மேல்நோக்கி இருந்தது. நாங்கள் சறுக்கிய தடத்திலிருந்து ஒரு ஜாண் தள்ளி.

ஊர் திரும்பியதும் கம்பெனிக்கு எழுதினேன். பணிவான பதில் வந்தது. அலகுக்கு ஆயுள் முழுக்க உத்தரவாதம், உடைந்தால் புதிது தருவார்கள். உறை 'தேய்மானத்துக்கு உட்பட்ட துணைப்பொருள்', அதற்கு உத்தரவாதம் இல்லை. அலகு உடையவே உடையாது என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உடையாததற்கு உத்தரவாதம், உடைவதற்கு அனுதாபம்.

1991இல் ஆல்ப்ஸ் மலையில் பனிக்குள்ளிருந்து ஒரு மனிதனின் உடல் கிடைத்ததே, ஓட்ஸி என்று பெயர் வைத்தார்களே, அவன் செத்து 5,000 வருடத்துக்கு மேல் ஆகிறது. அவனிடம் சிக்கிமுக்கிக் கல் அலகும் மரப்பிடியும் வைத்த ஒரு குத்துக்கத்தி இருந்தது. மரப்பட்டை நாரில் முடைந்த உறையும் இருந்தது. ஃபின்லாந்துக்காரர்களின் பூக்கோ கத்தியைப் பாருங்கள், அந்தத் தோல் உறை அலகோடு பிடியிலும் பாதியை விழுங்கிக்கொள்ளும். பொத்தான் கிடையாது, ஆனால் அந்த ஆழத்திலிருந்து தானாக உருவி விழ வழி இல்லை. இவர்களெல்லாம் செய்துகாட்டிய பிறகும், என் கம்பெனிக்கு உறை ஒரு துணைப்பொருள்.

ரிப்பேர் கதையையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். முதலில் கொதிக்கிற தண்ணீரில் முக்கினேன், அசையவில்லை. இந்த ரகப் பிளாஸ்டிக் ஒழுங்காக வளைய 150 டிகிரிக்கு மேல் போக வேண்டும், தண்ணீர் 100இல் நின்றுவிடும். பிறகு ஹீட் கன். ஒரே இடத்தில் காட்டாமல் ஆட்டிக்கொண்டே வாய்ப்பக்கத்தை மட்டும் சூடாக்கி, அலகில் காகித டேப் சுற்றி உள்ளே விட்டு, இரண்டு பக்கமும் ஸ்பாஞ்ச் வைத்துப் பலகையால் இறுக்கி கிளாம்ப் போட்டு ஆற விட்டேன். எஃகின் பதம் கெட்டுவிடுமோ என்று பயப்பட வேண்டாம், அந்தப் பதம் ஏற்றியதே 200 டிகிரிக்கு மேலே. முதல் தடவை ரொம்ப இறுக்கிவிட்டேன். உருவ இரண்டு கையும் ஒரு முழங்காலும் தேவைப்பட்டது, படக்கென்று வந்த வேகத்தில் என் மூக்கைத்தான் சீவப் பார்த்தது. இரண்டாவது தடவை சரியாக வந்து எட்டு மாதம் நன்றாக இருந்தது. போன ஞாயிறு மூன்றாவது தடவை. இதற்கு மேல் ஒரு வாரும் தைத்துப் பிடியைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன், அழகு போய்விட்டது.

தோல் உறைக்கு மாறியிருக்கலாமே என்றால், யோசித்தேன். சத்தமே வராது, தோல் பழகப் பழக நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் நனைந்தால் லேசில் காயாது, அதற்குள் கார்பன் எஃகைப் போட்டு வைத்தால் துருவுக்கு மெத்தை விரித்த மாதிரி. பிளாஸ்டிக்கில் அடியில் ஓட்டை உண்டு, தண்ணீர் இறங்கிவிடும். இதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சரி, நண்பனுக்குப் பதில். பிடிக்குள் வெற்றிடம் வைத்து, அதில் தூண்டில் முள்ளும் தீக்குச்சியும் போட்டுத் தருகிற கத்திகளைத் தொடாதே, அலகும் பிடியும் சேருகிற இடம்தான் அதில் பலவீனம். முதுகில் ரம்பப் பல் இருப்பதும் வேண்டாம், அதை வைத்து மரம் அறுக்கவும் முடியாது, அதன்மேல் கட்டையால் அடிக்கவும் முடியாது. 10 முதல் 12 சென்டிமீட்டர் போதும். 'அறுக்க மாட்டாதவன் இடுப்பில் ஐம்பத்தெட்டு அரிவாள்' கதையாக மூன்று நான்கு வாங்காதே. போகிற இடத்தில் எந்த அளவு வரை கத்தி அனுமதி என்பதையும் பார்த்துக்கொள்.

எது என்று கேட்டால், ஸ்வீடனில் மோரா என்ற ஊரின் பெயரில் வரும் கத்திகளில் துருப்பிடிக்காத, ஆரஞ்சுப் பிடி வைத்த ஒன்றை வாங்கு. அலகு மெல்லியது, டேங் பிடியின் கடைசி வரை ஓடாது, பெரிய கட்டையில் வைத்து அடித்தால் எனக்கே மனசு கேட்காது. நீ வருடத்துக்கு நாலு தடவை போகிறவன், அது போதும். என்னுடையது மாதிரி வேண்டாம். அதற்கு முன்னால், உறை ஒழுங்காக இருந்தபோது கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்றுதான் சொல்லியிருப்பேன். நீ ஞாயிற்றுக்கிழமை கேட்டாய்.

இவ்வளவையும் போனில் சொல்லி முடித்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இவ்வளவு வெறுப்பு இருந்தால் அதை எனக்குக் கொடுத்துடேன்" என்றான்.

உறையை வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.